டிரங்குப் பெட்டியில் ஓர் ஆட்டு மந்தை

மார்கழி மாதத்தில் குன்னூருக்கு வந்திருக்கும் நேயர்களுக்கு அந்த ஊர்க் குளிரைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வராதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால், கம்பளி எங்கே முடிகிறது, பிள்ளை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதே சிரமமாயிருக்கும். அப்படி வருகிற பிள்ளைகளில் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் போட்டவர்கள் யார், வீட்டில் பின்னியதைப் போட்டவர்கள் யார் என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார். கணித ஆசிரியையாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியவர், சிறியவர், வாத்தியார், மணி அடிப்பவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். எனக்கும் அக்காதான்.

அக்கா நாற்பது வருஷமாகக் கம்பளி பின்னுகிறார். ஒன்றைக்கூட விற்றதில்லை. விலை கேட்டவர்களிடம், "கூலி கணக்குப் போட்டால் உங்களுக்குக் கட்டாது, போடாவிட்டால் எனக்குக் கட்டாது. சும்மா வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விடுவார். அவருடைய கட்டிலுக்கு அடியில் இரண்டு பச்சை டிரங்குப் பெட்டிகள் உண்டு. அவற்றில் நகை இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வெகு நாள் நினைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது நூல். நான் ஒரு முறை வற்புறுத்திக் கேட்டபோது நிறுத்துப் பார்த்துப் பதில் சொன்னார்: பதினொரு கிலோ.

"வருஷத்துக்கு இரண்டு கிலோ பின்னுகிறேன், தம்பி. அந்தக் கணக்குப்படி ஐந்தரை வருஷத்தில் பெட்டி காலியாக வேண்டும். ஆனால் வருஷத்துக்கு இரண்டரைக் கிலோ வாங்குகிறேன். எப்போது காலியாகும் என்று உங்கள் வகுப்பில் ஒரு பையனைக் கேட்டுப் பாருங்கள்."

கணித ஆசிரியைக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்! புத்தகம் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டா அடுத்ததை வாங்குகிறார்கள்? என் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்ததால் நான் மேற்கொண்டு வாதம் செய்யவில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் வேப்பிலையும் ரசகற்பூர உருண்டையும் கலந்த ஒரு வாசனை வருகிறது. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. நம் மயிரிலும் நகத்திலும் உள்ள அதே சத்துத்தான் கம்பளியிலும் இருப்பதால் அந்தப் புழுவுக்கு அது விருந்து. பருத்தியை அது சீந்தாது. ஆகவே வெயில் கண்ட நாளெல்லாம் அக்கா வீட்டுத் திண்ணையில் பல நிறத்துக் கண்டுகள் பாய் மேல் உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

மேல் அடுக்கில் இருப்பது அக்ரிலிக் நூல். கம்பளி என்று கடைக்காரர் கொடுப்பதில் பெரும் பகுதி இதுதான். ஆட்டுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, பெட்ரோலியத்திலிருந்து செய்வது. கடைக்காரர் சொல்வதை அக்கா நம்புவதில்லை. நூலில் ஒரு விரற்கடை கிள்ளி நெருப்புக்குச்சியைக் காட்டுவார். கம்பளியானால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், குச்சியை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை. அக்ரிலிக்கோ உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். "சமையலறையில் நிற்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் பின்னிக் கொடுக்காதீர்கள்" என்பது அவருடைய கண்டிப்பான அபிப்பிராயம். ஆனால் அதைத் தள்ளிவிடவும் மாட்டார். விலை குறைவு, இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம், பின்னக் கற்றுக்கொள்ளும் பெண்கள் பயப்படாமல் நூறு தடவை பிரிக்கலாம்.

பிரிப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நெசவுக்குப் பாவும் ஊடையுமாக இரண்டு வகை நூல் வேண்டும். பின்னலுக்கு ஒரே இழை போதும்; கண்ணிக்குள் கண்ணியாக அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆகையால் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் ஓர் ஆளின் ஸ்வெட்டர் முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். சுமார் அரைக் கிலோ எடை, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம்! அந்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெந்நீரில் அலசி, அடியில் கொஞ்சம் பாரம் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் புது நூலைப் போல் நேராகிவிடுகிறது. தகப்பனாரின் ஸ்வெட்டர் மகனுக்கும், அது தேய்ந்த பிறகு பேத்தியின் குல்லாய்க்கும் பயன்படுவது நம் குடும்பங்களில் வெகு காலமாக நடந்து வருகிறது.

அடுத்த அடுக்கு பருத்தி. குளிர் தேசத்துப் புத்தகங்களைப் பார்த்தால் பின்னல் என்பதே கம்பளிக்காக ஏற்பட்டது போல் தோன்றும். ஆனால் இதுவரை அகப்பட்டுள்ள மிகப் பழைய பின்னல் துண்டுகளில் பல, எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள்! பருத்தி நூல் கனமானது. கம்பளியைப் போல் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் குணம் அதற்கு இல்லை. ஆகவே பருத்தியில் பின்னிய ஸ்வெட்டர் ஆறு மாதத்தில் முழங்காலைப் பார்க்கப் புறப்பட்டுவிடும். மேஜைத் துணி, குழந்தையின் மேற்சட்டை போன்றவற்றுக்கு அதுவே சிறந்தது. 1947-ல் எலிஸபெத் இளவரசியின் கல்யாணத்துக்கு மகாத்மா காந்தி அனுப்பிய பரிசும் பருத்தி நூலில் பின்னியதுதான். நூலை அவரே தம் ராட்டையில் நூற்றிருந்தார். நடுவில் "ஜெய் ஹிந்த்" என்ற எழுத்து அமைந்திருந்தது. இளவரசியின் பாட்டியார் மேரி ராணி அதைக் காந்தியடிகளின் அரைத் துணி என்று எண்ணி முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். சக்கரவர்த்திகளின் வீட்டில் ரத்தினங்களுக்கு நடுவே உட்கார ஒரு நூற்கண்டுக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் அக்கா கொஞ்சமும் கூசாமல் ஆஸ்திரேலிய மெரினோவை எடுத்துக் காட்டினார். மெரினோ ஆடு பூர்வத்தில் ஸ்பெயின் தேசத்தினுடையது. அதை வெளியே விடாமல் அந்த அரசர்கள் வெகு காலம் கட்டிக் காத்தார்கள். 1797-ல் ஆஸ்திரேலியாவில் கால் வைத்த பிறகு அந்தக் கண்டத்தையே அது தன்னுடையதாக்கிக்கொண்டது. அதன் மயிரின் பருமன் பதினேழு முதல் இருபத்து நான்கு மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். சுமார் முப்பது மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் தோலில் குத்தும். அதற்குக் கீழே போகப் போக மெத்தென்றிருக்கும். "கம்பளி அரிக்கிறது" என்று குழந்தைகள் அழுவது பிடிவாதத்தினால் அல்ல என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

மெரினோவிலும் அக்காவுக்கு ஒரு மனக்குறை. கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் மீனுக்கு இருப்பது போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். இதைத் தடுக்கக் குளோரின் கொண்டு செதிலை மழுங்கடித்து, மேலே ஒரு பூச்சும் பூசி விற்கிறார்கள். துவைக்கச் சௌகரியந்தான். "ஆனால் அதைப் பின்னினால் வழுவழுவென்று ஊசியிலிருந்து நழுவுகிறது. கோபமே இல்லாத மனிதரோடு பேசுவது போல் இருக்கிறது" என்றார். அவருக்குப் பிடித்தது ஷெட்லாந்துத் தீவுகளின் கம்பளி. பழைய மாணவி ஒருத்தி கொண்டு வந்து கொடுத்த நான்கு சிட்டங்கள் இருக்கின்றன. சாயம் போடாமலேயே வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று அந்த ஆடுகளுக்கே பல நிறங்கள் உண்டு. அந்தக் கம்பளிக்குச் சற்றுச் சொரசொரப்பு. ஆகவே ஒரு கண்ணி தவறி விழுந்தாலும் ஓடிப்போகாமல் விழுந்த இடத்திலேயே காத்திருக்கும். அதே தீவுகளில் மெல்லிய நூலில் பின்னிய பெரிய சால்வையை ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாமாம்.

ஒரு சின்னத் தகர டப்பாவில் ஐம்பது கிராம் பஷ்மினா. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் வாழும் வெள்ளாட்டின் அடிமயிரைக் கோடைத் தொடக்கத்தில் சீப்பினால் வாரி எடுத்து, காஷ்மீரத்துப் பெண்கள் ராட்டையில் நூற்பது அது. பருமன் பதினைந்து மைக்ரானுக்கு உட்பட்டது. டப்பாவுக்குள் விரலை விட்டால் ஏதோ தட்டுப்படுகிறது என்று தெரிகிறதே தவிர, என்ன என்று தெரிவதில்லை. எட்டு வருஷமாக அது அப்படியே இருக்கிறது. என்ன பின்னுவது என்று அவருக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு, சரித்திர ஆசிரியனாகிய நான் சும்மா இருக்க முடியுமா? "அக்கா! ஸ்பெயின் ஆடு, ஷெட்லாந்து ஆடு, லடாக் ஆடு எல்லாம் இந்தப் பெட்டிக்குள் மேய்கின்றனவே! நம் நீலகிரிக்கு ஓர் ஆடு கிடையாதா?" என்று கேட்டேன்.

அவர் பதில் பேசாமல் இரண்டாவது பெட்டியின் அடியிலிருந்து ஒரு வேட்டித் துணி மூட்டையை எடுத்தார். உள்ளே பால் வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத ஒரு நிறத்தில் ஒன்பது கண்டுகள். ஒவ்வொன்றும் நூறு கிராம் இருக்கும். ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிவு. மூக்கருகே கொண்டு போனால் லேசாக ஆட்டு வாசனை.

நேயர்களில் பலருக்கு இது புதிதாயிருக்கலாம். கம்பளிக்காகவே நம் ஜில்லாவில் ஏற்பட்ட நீலகிரி ஆடு என்ற இனம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோயமுத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகள் கலந்து உண்டானது. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் மேய்ந்து, மழையையும் குளிரையும் தாங்கி வளர்வது. தென்னாட்டுச் செம்மறிகளில் பல கம்பளியே தராதவை. தக்காண ஆட்டின் மயிரோ முரட்டுக் கம்பளத்துக்குத்தான் உதவும். இதன் கம்பளி சராசரி இருபத்தேழு மைக்ரான், உடுத்தக் கூடியது. உதகைக்கும் பைக்காராவுக்கும் இடையே சாண்டிநல்லாவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பேணி வருகிறார்கள். வெளியே காண்பது அரிதாகிவிட்டது. 2019-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏழு கோடிக்கு மேல் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. இருந்தும் நல்ல மெல்லிய கம்பளிக்கு நாம் ஆஸ்திரேலியாவை நோக்கிக் கையேந்துகிறோம். இங்குள்ள இடையர்களோ கத்தரித்த மயிரை வாங்க ஆளில்லாமல் எறிகிறார்கள். உதகையின் கடைத்தெருவில் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானாவில் இயந்திரத்தில் பின்னப்பட்டு வந்தவை. ஆடு நிற்கும் மலைக்கு ஆடை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது!

அக்கா ஒரு நாள் நடந்து போகையில், தோட்டத்துச் சரிவில் ஒரு பெரியவர் தம் ஆடுகளின் மயிரைக் கத்தரித்துத் தேயிலைச் செடிகளின் அடியில் எருவாகப் போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்குக் கொண்டு போனால் கத்தரித்த கூலிகூட வராது என்றாராம். மூன்று ஆட்டு மயிரை அக்கா கேட்டு வாங்கி வந்தார். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய்ப் பசையும் அழுக்கும் போக அலசி, முள்ளும் விதையும் பொறுக்கி, சிக்கெடுத்து முடித்தபோது அதில் பாதிதான் நின்றது. சிறு பெண்ணாகப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கற்ற தக்ளி கைகொடுத்தது. தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு கிராம் வீதம் நூற்றார்.

"ஒன்பது மாதம் ஆயிற்று, தம்பி. மற்றப் பிரசவங்களைவிடக் கஷ்டந்தான்" என்று சிரித்தார்.

பின்னுவதற்கு முன் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னிப் பார்ப்பது வழக்கம். இந்தச் சதுரத்தைச் சோம்பேறிகள் விட்டுவிடுவார்கள். நான்கு அங்குலத்துக்கு இருபத்திரண்டு கண்ணி என்று எண்ணி, நாற்பதங்குல மார்புக்கு இருநூற்றிருபது கண்ணி போடுகிறோம். நம் கை சற்றுத் தளர்ந்து இருபதே விழுந்தால் ஸ்வெட்டர் நாற்பத்து நான்கு அங்குலமாகிவிடும். போட்டுக்கொள்ள வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். அக்கா சதுரம் பின்னிப் பார்த்துத்தான் தமக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தார். கழுத்தில் அரித்தது; பிரித்துவிட்டார். சால்வையாகப் பின்னினார். நூலின் முரடு காரணமாகச் சால்வை மடியாமல் தட்டி போல் விறைத்து நின்றது, பிரித்தார். கையுறையும் குல்லாயுமாக்கலாமா என்று ஒன்றிரண்டு பின்னினார். இவ்வளவு நூலைத் துண்டு துண்டாக்க மனமில்லாமல் அதையும் பிரித்தார். மூன்று தடவையும் பிரித்ததில் நூல் கொஞ்சம் தேய்ந்துகூடப் போயிருந்தது. மறு வருஷம் மறுபடி மயிர் கேட்கப் போனபோது சரிவில் ஆடுகள் இல்லை. மேய்ச்சலுக்கு இடமில்லை, பிள்ளைகள் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பெரியவர் மந்தையை விற்றுவிட்டு, ஒரு பங்களாவில் இராக் காவலுக்கு அமர்ந்திருந்தார். அதன் பிறகுதான் ஒன்பது கண்டுகளும் பெட்டியின் அடிக்குப் போயின. பஷ்மினாவாவது பணம் கொடுத்தால் இன்னொரு தடவை கிடைக்கும்.

"தப்பாகப் பின்னிவிட்டால் என்ன செய்வது என்று பயம், தம்பி. நாற்பது வருஷத்தில் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை" என்றார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பி, தையற்காரர் நாடா ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"நீங்கள் அந்தப் பங்களா வழியாகத்தானே பள்ளிக்கூடம் போகிறீர்கள்? காவல்காரப் பெரியவருக்கு மார்பளவும் கை நீளமும் எடுத்து வாருங்கள். எதற்கென்று சொல்லாதீர்கள். சொன்னால் வேண்டாம் என்பார்."

"அரிக்காதா, அக்கா?"

"சட்டைக்கு மேல்தானே போடப்போகிறார்! ராத்திரி முழுவதும் பனியில் நிற்கிறவருக்கு முரட்டு நூல்தான் சரி. ஈரம் பட்டாலும் கம்பளி சூடு விடாது."

பள்ளிக்கூட நாடகத்துக்குச் சேவகன் உடை தைக்க வேண்டும், அதற்கு ஓர் ஆளின் அளவு தேவை என்று ஒரு பொய்யைச் சொல்லி அளவு எடுத்தேன். பெரியவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாலும் கையை உயர்த்திக் காட்டினார். மார்பு முப்பத்தெட்டு அங்குலம், கை பதினெட்டு. மாலையில் கொண்டு போய்ச் சொன்னேன்.

"உள்ளே சட்டை இருக்கும், இரண்டு அங்குலம் தாராளம் விடலாம். நாற்பது. இந்த நூலுக்கு நான்கு அங்குலத்தில் பதினெட்டுக் கண்ணி" என்று அக்கா விரலை மடக்கினார். பிறகு மூட்டையை அவிழ்த்து முதல் கண்டின் நுனியைத் தேடத் தொடங்கினார். "நூற்றெண்பது. காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தம்பி. அதற்குள் முதல் வரிசை போட்டுவிடுவேன்."