காணி இல்லாதோருக்கும் ஒரு செடி: தைம் வளர்ப்போம்

கொத்மலை அணைக்கட்டு வேலைகள் 1985இல் நிறைவுற்றபோது, பள்ளத்தாக்கின் வயல்களும் வீட்டுத்தோட்டங்களும் நீரில் மூழ்கின. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சிலர் மகாவலி குடியேற்றங்களுக்குச் சென்றனர். சிலருக்கு அருகிலுள்ள தேயிலைக் காணிகளில் இடம் கிடைத்தது. வயலில் பழகிய கைகளுக்குச் சரிவான தேயிலை மண் புதிது. இத்தகைய இடத்தில் சிறு செலவில் தொடங்கக்கூடிய செடிகளில் தைம் ஒன்று. காணி உறுதி இல்லாதவரும் அதை ஒரு பழைய தகரத்தில் வளர்க்கலாம். மீண்டும் இடம்மாற நேர்ந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம்.

தைம் மத்தியதரைக் கடலோரத்துக் கல்நிலச் செடி. வறட்சியைத் தாங்கும், வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. ஆகவே கொத்மலையில் அதன் எதிரி குளிரன்று. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையே.

நடும் முறை

கடும் மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரி நடுவதற்கு ஏற்ற காலம். முற்றாத தண்டை நான்கு அங்குல நீளத்தில் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். நாலைந்து கிழமைகளில் வேர்விடும்.

தகரத்தின் அடியில் துளைகள் இட்டு, மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம அளவில் நிரப்புங்கள். தேயிலை மண் அமிலத்தன்மை மிக்கது. ஒரு தேக்கரண்டி டொலமைட் கலப்பது நல்லது. நிலத்தில் நடுவதாயின், சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி, முக்கால் அடி உயரப் பாத்தி அமைத்து, ஓரடி இடைவெளி விடுங்கள்.

பராமரிப்பு

ஆறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்றுங்கள். பசளை மிகுந்தால் செடி கொழுக்கும், மணம் குறையும். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியுங்கள். இலையற்ற முற்றிய தண்டில் வெட்டினால் துளிர்ப்பது அரிது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுத் தண்டு நட்டுச் செடியைப் புதுப்பியுங்கள். அறுத்த கிளைகளை நிழலில் உலர்த்துங்கள்.

மழை ஓயாத இடங்களில் நம் கற்பூரவள்ளியையும் அருகில் வையுங்கள். இரண்டும் வேறு செடிகளாயினும், ஒத்த வாசனை எண்ணெய்கள் இரண்டிலும் உள்ளன. கறிக்கும் ரசத்துக்கும் உதவும். ஆனால் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் கஷாயத்தோடு காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹோட்டல்கள் வாங்கும் என்ற பேச்சை நம்பி மரக்கறிப் பாத்தியை அழித்துவிடாதீர்கள். முதலில் ஐந்து செடிகள் போதும். வாங்குபவர் யார், எவ்வளவு வாங்குவார் என்று உறுதியான பிறகு பெருக்குங்கள். வெட்டும் ஒவ்வொரு தண்டும் ஒரு நாற்றாகும். அயல்வீட்டாருக்கும் ஒன்று கொடுங்கள்.

பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதத்தில், அங்கேயே தோட்டம் அமைத்து அதன் பலனை உண்ணும்படி சொன்னார். தோட்டம் போடுவது இழந்த ஊரை மறப்பதன்று. இருக்கும் இடத்தில் பிள்ளைகளை வாழவைப்பதாகும். இழந்த காணிக்கான நியாயத்தைக் கேட்டுக்கொண்டே, இன்று ஒரு தகரத்தில் மண் நிரப்புவோம்.