விடை உண்டா என்று முதலிற் கேட்போம்: முப்படிச் சார்பின் வரைபு புகட்டும் பாடம்

க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் கற்ற எவரும் இருபடிச் சார்பொன்றின் வரைபை ஒரு தடவையேனும் வரைந்திருப்பர். அட்டவணையைப் பூர்த்திசெய்து, புள்ளிகளைக் குறித்து, அவற்றை ஒப்பமான வளையியால் இணைத்துவிட்டால் புள்ளிகள் கிடைத்துவிடும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயில்வோர் அதற்கடுத்த படியாகிய முப்படிச் சார்பையும் சந்திக்கின்றனர். எனினும், வரைந்து முடித்த வரைபு என்ன கூறுகின்றது என்று வினவினால் மாணவர் பலர் மௌனம் சாதிப்பதே வழமையாகவுள்ளது. வரையக் கற்பிக்கின்றோம், வாசிக்கக் கற்பிக்கின்றோமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வியாகும்.

கலைப்பிரிவிற் கற்றவர்களும் விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் 30 சென்ரிமீற்றர் கொண்ட சதுரமான தகரத் தகடு ஒன்று எம்மிடம் உள்ளது. அதன் நான்கு மூலைகளிலும் ஒரே அளவான சிறு சதுரங்களை வெட்டியகற்றி, பக்கங்களை மேல்நோக்கி மடித்தால் மூடியில்லாத பெட்டி ஒன்று கிடைக்கும். வெட்டும் அளவு சிறிதாயின் பெட்டி அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும்; பெரிதாயின் ஒடுங்கியதாகவும் உயரமாகவும் இருக்கும். அவ்வாறாயின், ஆகக் கூடிய கொள்ளளவைத் தரும் வெட்டு எது?

கணக்கு எளிதானது. வெட்டு 1 சென்ரிமீற்றராயின் அடிப்பக்கம் 28, உயரம் 1. எனவே கனவளவு 784 கன சென்ரிமீற்றர். வெட்டு 2 ஆயின் 1352. 3 ஆயின் 1728. 4 ஆயின் 1936. 5 ஆயின் 2000, அதாவது சரியாக இரண்டு லீற்றர். அதன்பின் இறக்கம் தொடங்குகின்றது. 6 இற்கு 1944, 8 இற்கு 1568, 10 இற்கு 1000, 12 இற்கு 432. வெட்டு 15 ஆகும்போது தகடு முழுவதும் வெட்டுண்டு போவதால் எஞ்சுவது பூச்சியமே. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் வெட்டும் அளவிலேயே தங்கியிருப்பதால், இக்கனவளவு அவ்வளவின் முப்படிச் சார்பாகின்றது.

இப்பெறுமானங்களை வரைபுத்தாளிற் குறித்து இணைத்தால் வளையி பூச்சியத்திலிருந்து ஏறி, 5 இல் உச்சியை அடைந்து, 15 வரை இறங்குகின்றது. தகரத்தைப் பொறுத்தவரை கதை இத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் சமன்பாட்டுக்குத் தகரமும் தெரியாது, கத்தரிக்கோலும் தெரியாது. 15 இற்கு அப்பாலும் பெறுமானங்களைப் பிரதியிட்டுச் சென்றால் வளையி மீண்டும் ஏறத் தொடங்கி, 20 இல் திரும்பவும் 2000 ஐ எட்டி, எல்லையின்றி உயர்கின்றது. ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும் இந்த வடிவமே முப்படிச் சார்பின் நன்கறியப்பட்ட தோற்றமாகும். உச்சியிலுள்ள திரும்பற் புள்ளியை உயர்வு என்றும் பள்ளத்திலுள்ளதை இழிவு என்றும் அழைப்பர். எல்லா முப்படிச் சார்புகளும் இவ்வாறு திரும்புவதில்லை. சில, ஒரு தடவையேனும் திரும்பாது ஏறிக்கொண்டே செல்லும். ஒன்றில் இரண்டு திரும்பற் புள்ளிகள், அன்றேல் எதுவுமில்லை. ஒன்று மட்டும் என்பது கிடையாது.

இறக்கத்தையும் சற்று உற்றுநோக்குவோம். 5 இலிருந்து 6 இற்குச் செல்கையில் இழப்பு 56. அடுத்தடுத்த படிகளில் 152, 224, 272, 296. 10 ஐக் கடந்ததும் அதே எண்கள் தலைகீழாக வருகின்றன: 296, 272, 224, 152, 56. இறக்கத்தின் வேகம் 10 வரை கூடி, அதன்பின் குறைகின்றது. வளையி தன் வளைவின் போக்கை மாற்றிக்கொள்ளும் இவ்விடமே விபத்திப் புள்ளி எனப்படுகின்றது. இருபடிச் சார்பின் வரைபு கண்ணாடிப் பிம்பம்போல இடமும் வலமும் ஒத்திருக்கும். முப்படிச் சார்பின் வரைபோ விபத்திப் புள்ளியை மையமாகக் கொண்டு தாளை அரைச்சுற்றுச் சுழற்றினால் தன்மீதே பொருந்தும்.

இனி, முக்கியமான வினாவுக்கு வருவோம். சரியாக ஒரு லீற்றர் கொள்ளும் பெட்டி வேண்டுமாயின் எவ்வளவு வெட்டவேண்டும்? 1000 என்ற உயரத்திற் கிடைக்கோடொன்றை வரைந்தால் அது வளையியை மூன்று இடங்களில் வெட்டுகின்றது: அண்ணளவாக 1.34, சரியாக 10, அண்ணளவாக 18.66. முதல் இரண்டும் உண்மையான பெட்டிகள். ஒன்று தட்டையானது, மற்றது 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருப் பெட்டி. மூன்றாவது சமன்பாட்டைத் திருப்திசெய்யினும் 30 சென்ரிமீற்றர் தகட்டின் இரு மூலைகளிலும் 18.66 வெட்ட முடியாது. இரண்டு லீற்றர் வேண்டுமெனின் கோடு உச்சியைத் தொட்டு நிற்கும். அப்போது பொருத்தமான விடை 5 மட்டுமே. இரண்டரை லீற்றர் கேட்டால்? கோடு உச்சிக்கு மேலாகச் சென்றுவிடும். 20 இற்கு அப்பால் ஓர் இடத்தில் அது வளையியைச் சந்திக்கும். ஆனால் அது வெறும் எண்ணேயன்றிப் பெட்டியாகாது. விடை உண்டா, எத்தனை உண்டு, அவற்றுள் எது வாழ்க்கைக்குப் பொருந்தும் என்ற மூன்று வினாக்களுக்கும், ஒரு வரியேனும் சமன்பாடு தீர்க்காமல், வரைபு பதிலளித்துவிடுகின்றது.

இந்தச் சிந்தனை மிகப் பழமையானது. கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளையின் தமிழாக்கம் வாயிலாக நாம் கவிஞராக அறிந்த உமர் கய்யாம் (1048 – 1131) தம் காலத்தின் தலைசிறந்த கணிதவியலாளர்களுள் ஒருவர். முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வட்டம், பரவளைவு, அதிபரவளைவு போன்ற வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு அவற்றைத் தீர்க்கும் முறையை அவர் எழுதிவைத்தார். எண்கணித முறையிலான தீர்வைத் தமக்குப் பின்வருவோர் காணக்கூடும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷரபுத்தீன் அத்தூஸி மேலும் ஒரு படி சென்றார். (அடுத்த நூற்றாண்டின் வானியல் அறிஞரான நஸீருத்தீன் அத்தூஸி வேறொருவர்.) சிலவகை முப்படிச் சமன்பாடுகளுக்குச் சில வேளைகளில் நேர் விடையே இருப்பதில்லை. அத்தகைய வகைகளில் அவர் முதலில் ஆராய்ந்தது அடையக்கூடிய உயர்வுப் பெறுமானத்தையே. கேட்கப்படும் எண் அவ்வுயர்வை விடக் குறைவாயின் விடைகள் இரண்டு, சமனாயின் ஒன்று, கூடினால் விடையில்லை. எமது பெட்டியும் இவ்வகையையே சார்ந்தது. அடிப்பக்கம் தகட்டின் மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 20 ஆக, இருக்கும்போது கொள்ளளவு உச்சமடையும் என்பது அவர் கண்ட விதியிலிருந்து நேரடியாகப் பெறப்படும். டேக்கார்ட் வடிவகணிதத்தையும் அட்சரகணிதத்தையும் இணைத்து நூல் வெளியிட்டது 1637 இலேயே. அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, வரைபுத்தாள் ஏதுமின்றி, அத்தூஸி இதைக் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

கய்யாம் எதிர்பார்த்த பொதுச் சூத்திரம் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் கிட்டியது. டெல் ஃபெரோ, தார்த்தாலியா ஆகியோர் கண்டறிந்த முறையை 1545 இல் கார்தானோ அச்சேற்றினார். ஆனால் வளையியைக் கோடு மூன்று வெவ்வேறு இடங்களில் வெட்டும் வேளையில் அச்சூத்திரம் மறை எண்களின் வர்க்கமூலங்களைக் கொண்டுவந்து திகைக்கவைத்தது. 1572 இல் பொம்பெல்லி அவற்றைக் கையாளும் விதிகளை வகுத்தபோது சிக்கலெண்களின் கணிதம் உருப்பெறலாயிற்று.

இன்று கைத்தொலைபேசிச் செயலியொன்று எந்தச் சார்பின் வரைபையும் கணப்பொழுதில் வரைந்து தருகின்றது. எனவே வரையும் திறனுக்கு மாத்திரம் புள்ளி வழங்கும் கல்வி, கருவி செய்யும் வேலைக்கு மாணவரைப் பழக்குவதாகவே அமையும். 18.66 என்ற விடையைக் கண்டதும் இது தகட்டுக்குப் பொருந்தாது என்று அடித்துவிடும் துணிவு கருவியிடம் இல்லை. அது மாணவரிடமே வளரவேண்டும். கூட்டிக்கொண்டே சென்றால் பயனும் கூடிக்கொண்டே செல்லும் என்ற எண்ணம் தவறு என்பதையும், எல்லை ஒன்று உண்டென்பதையும் அறிந்துகொள்ளும் பிள்ளை வகுப்பறைக்கு வெளியிலும் நிதானமாக முடிவெடுக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. 30 சென்ரிமீற்றர் சதுர மட்டைகளையும் கத்தரிக்கோலையும் வகுப்பிற்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு மாணவரும் வெவ்வேறு அளவில் வெட்டிப் பெட்டி செய்யட்டும். அதில் அரிசியை நிரப்பி அளந்து, கிடைக்கும் பெறுமானத்தைக் கரும்பலகையில் தத்தம் புள்ளியாகக் குறிக்கட்டும். வளையி அவர்கள் கண்முன்னே எழுந்து வரும். அதன்பின் ஆசிரியர் இரண்டரை லீற்றர்ப் பெட்டியொன்றைக் கேட்கட்டும். "அது முடியாது, ஏனெனில்..." என்று ஒரு பிள்ளை எழுந்து கூறத் தொடங்குமாயின், அன்றைய பாடம் நிறைவேறிவிட்டது எனலாம்.