தகடு தாங்கியது, நிலம் தாங்கவில்லை

கனடாவின் வின்னிபெக் நகரை ஒட்டிய டிரான்ஸ்கோனாவில் 1913 அக்டோபரில் ஒரு புதிய தானியக் களஞ்சியம் நிரம்பிக்கொண்டிருந்தது. ரயில்வே நிறுவனம் கட்டியது. 65 கான்கிரீட் குதிர்கள், 28 மீட்டர் உயரம். எல்லாவற்றுக்கும் அடியில் 23 மீட்டர் அகலம், ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்தில் ஒரே கான்கிரீட் பாளம். 18ஆம் தேதி, 8,75,000 புஷல், அதாவது சுமார் 24,000 டன் கோதுமை ஏறியிருந்த நிலையில் கட்டடம் இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஓர் அடி. பிறகு மேற்கே சாய்ந்தது. ஒரு நாள் முடிவதற்குள் சாய்வு 27 பாகையைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் தரை பொம்மிக்கொண்டு எழுந்தது.

குதிர்களுக்குப் பெரிய சேதமில்லை. கான்கிரீட் அவ்வளவு நேர்த்தி. உடைந்தது அதன் கீழிருந்த நிலம்.

மண்ணைச் சோதிக்காமல் கட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வானம் தோண்டிய பிறகு குழியின் அடியில் ஒரு தகட்டை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். கட்டடம் கொடுக்கப்போகும் அழுத்தத்தைவிட அதிகமாகவே களிமண் தாங்கியது. பார்வைக்கும் அது கெட்டியான களிதான். சோதனையில் பொய்யில்லை, அது சொன்னது அந்த மேலடுக்கைப் பற்றி மட்டும்.

ஒரு பாரம் நிலத்துக்குள் எவ்வளவு ஆழம்வரை உறைக்கும் என்பதை அதன் அகலம் முடிவு செய்கிறது. தோராயமாக, அகலத்தின் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம்வரை. ஓர் அடித் தகட்டின் பாரத்தை இரண்டடிக்குக் கீழே இருக்கும் மண் அநேகமாக உணர்வதே இல்லை. 23 மீட்டர் அகலப் பாளம் அப்படியல்ல. கீழே பாறை குறுக்கிடும்வரை உள்ள அத்தனை களிமண்ணையும் அது அழுத்திவிடும். இரண்டுக்கும் சதுர மீட்டருக்கு ஒரே எடை என்றாலும், தொடும் மண் வேறு.

1951இல்தான் அங்கே முறையாகத் துளையிட்டுக் களிமண்ணை எடுத்துப் பார்த்தார்கள். ரால்ஃப் பெக், பிரையன்ட் என்ற இரு பொறியாளர்கள் 1953இல் முடிவை வெளியிட்டார்கள். பனியுகத்தின் கடைசியில் அங்கே பரந்து கிடந்த அகாசிஸ் ஏரியின் அடியில் படிந்த வண்டல் அது. மேலடுக்கு கெட்டி, கீழடுக்கின் வலிமை ஏறக்குறைய அதில் பாதி. அந்த வலிமையை வைத்துக் கணக்கிட்டபோது நிலம் உடையவேண்டிய அழுத்தமும், 1913இல் உண்மையில் உடைந்த அழுத்தமும் (சதுர மீட்டருக்குச் சுமார் 30 டன்) கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. மண்ணியலில் இப்படிப் பொருந்திவருவது அபூர்வம். ஒரு விபத்து இத்தனை சுத்தமான பரிசோதனையாக அமைந்ததால்தான் இன்றும் பாடப்புத்தகங்கள் அதை விடுவதில்லை.

இதில் தண்ணீருக்கும் பங்குண்டு. நீரில் ஊறிய களிமண்மேல் பாரம் ஏறும்போது, முதலில் அதைச் சுமப்பது மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் நீர். நீர் கசிந்து வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி மண் வலுப்பெறும். மணலில் இது உடனே நடந்துவிடும். களிமண்ணில் மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். டிரான்ஸ்கோனாவில் சில வாரங்களில் குதிர்களை நிரப்பிவிட்டார்கள். களிமண் வலுப்பெற அவகாசமே கிடைக்கவில்லை. கார்ல் டெர்சாகி மண்ணில் நீரின் அழுத்தத்தை விளக்கிப் புத்தகம் வெளியிட்டது 1925இல். 1913இன் பொறியாளர்களைக் குறை சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை.

கட்டடத்தை அவர்கள் கைவிடவும் இல்லை. கோதுமையை வெளியே எடுத்து, மேலே நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணை எடுத்து, தாழ்ந்த பக்கத்தை ஜாக்கிகளால் உந்தி நிமிர்த்தினார்கள். பாறைவரை தூண்கள் இறக்கினார்கள். முன்பைவிடப் பல அடி தாழ்ந்து, ஆனால் நேராக நின்று, களஞ்சியம் மறுபடி வேலைக்கு வந்தது.

நம் ஊரில் மண் பரிசோதனை என்றால் பெரும்பாலும் துளையிட்டுச் செய்வதுதான். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும். ஒரு குழாய் முதல் 15 செ.மீ. இறங்குவதைக் கணக்கில் விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். மென்களியில் இரண்டு மூன்று அடி போதும். ஐம்பதைத் தாண்டினால் மிக இறுக்கமான அடுக்கு. சென்னையின் கடலோரத்தில் பல இடங்களில் நல்ல மணலுக்குக் கீழே மென்களி கிடக்கிறது. ‘ரெண்டு பாயின்ட்ல துளை போட்டா போதும், பத்தடி ஆழம் போதும்’ என்று பேரம் பேசுகிறவர்கள் அதே மனைக்கு கிரானைட் வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார்கள்.

அறிக்கையில் பலரும் தாண்டிப்போகும் வரி நிலத்தடி நீர்மட்டம். துளை போட்டவுடன் அளந்தால், களிமண்ணில் நீர் ஊறிவர நேரமாவதால், மட்டம் ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். குறைந்தது ஒரு நாள் விட்டு அளக்க வேண்டும். மே மாதத்தில் அளந்த மட்டம் டிசம்பரில் செல்லாது. அடித்தளப் பார்க்கிங் கட்டுகிறவர்களுக்கு இது பணப் பிரச்சினை மட்டுமல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் தண்ணீர் தளத்தை மேலே தள்ளும். ஆறு மீட்டர் பள்ளம், மழைக்காலத்தில் இரண்டு மீட்டரில் நீர் என்றால் நான்கு டன். முழுக் கட்டடம் அதை எளிதாக அமுக்கி வைத்துக்கொள்ளும். பாதிக் கட்டடத்தால் முடியாமல் போகலாம். டீசல் செலவை மிச்சம் பிடிக்க ஐப்பசியில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அதுவரை ஏறிய தளங்களின் எடையைக் கணக்குப் போட்ட பொறியாளர்தான் சொல்ல வேண்டும், சைட் மேஸ்திரி அல்ல.