தாழ்த்திய காருக்கு சைலன்சர்: சத்தம் பிறகு, உயரம் முதலில்

மாருதி ஸ்விஃப்டின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் கம்பெனி விட்டிருக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர். ஸ்பிரிங்கை மாற்றி 40 மில்லிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது 123. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். கணக்கில் கார் தப்பித்துவிடும். மதுரைத் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட் குழைத்துப் போட்ட மேடுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. திருமங்கலம் பக்கம் போனால் கரிசல் மண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, தார்ச்சாலையையே நெளிய வைத்திருக்கும்.

அடி தட்டினால் பெரும்பாலும் முதலில் மாட்டுவது சைலன்சர் குழாய்தான். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் சுமார் 13 மில்லிமீட்டர் இடம் அதிலேயே போகும். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு அவ்வளவு பெரிய குழாய் தேவையும் இல்லை. பெரிதாகத்தான் வேண்டுமென்றால் தாழ்வான இடங்களில் முட்டை வடிவக் குழாய் கேளுங்கள். இணைப்புத் தகட்டின் போல்ட்டுகள் கீழ்நோக்கித் தொங்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இன்னொரு ஏமாற்றம் பட்டறையில் நடக்கும். லிஃப்டில் தூக்கிய காரில் சக்கரங்கள் தொங்கும். பின் அச்சுக்கும் அதன்மேல் வளைந்து போகும் குழாய்க்கும் நடுவே கை நுழையும். கீழே இறக்கி, பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் அச்சு மேலே வந்து குழாயில் இடிக்கும். அதனால் சக்கரம் தரையில் நிற்க, ஆள் ஏற்றி, பள்ளத்தில் இறங்கிப் பார்த்த பிறகே வெல்டிங்கை முடிக்கச் சொல்லுங்கள்.

முழக்கத்தை அடக்கும் ரெசனேட்டரைக் கழற்ற வேண்டாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது எழுவது 100 ஹெர்ட்ஸ் முழக்கம். பட்டறை வாசலில் கம்பீரமாகக் கேட்கும் அதே ஓசை, திருச்சி நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் தலைவலி.

புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியை நீக்கினால் புகை வரம்பு தவறும். பிஎஸ்-6 கார்களில் ஆக்சிஜன் சென்சார் எஞ்சின் விளக்கை எரியவிட்டுக் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் இன்னும் கறார். கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், கம்பெனி வடிவமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஒலி, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு. சத்தமும் வேண்டும், வம்பும் வேண்டாம் என்பவருக்கு 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் போல, கம்பெனியே ஓசையைச் செதுக்கித் தரும் கார்தான் சரி.

அப்படியும் மாற்றுகிறவர்கள், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றாலும், கழற்றிய சைலன்சரையும் வினையூக்கி மாற்றியையும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வினையூக்கியில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருப்பதால் கடைக்காரர் ஆசையாகக் கேட்பார். காரை விற்கும் அன்று அவற்றைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.