தோட்டாவில் தடவிய கொழுப்பு

துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயைப் பற்றிப் பால்வெட்டுகிற நமக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்ததே, அப்போது செண்டாயானைப் போன்ற தோட்டப்புறங்களில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். மழையில் நனைந்தால் நம் பால்கத்தியே துருவேறுகிறது. துப்பாக்கியைச் சொல்ல வேண்டுமா? துடைத்து எண்ணெய் போட்டே ஆக வேண்டும். தேங்காயெண்ணெயும் செம்பனை எண்ணெயும் நாள்பட்டால் பிசுக்குப் பிடிக்கும். அதனால்தான் இப்போது பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெயில் செய்த கிரீஸும் ஆயிலும் போடுகிறார்கள்.

முன்காலத்தில் மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும்தான். அதில் எதைத் தடவுவது என்பதில் காட்டிய அலட்சியம் ஒரு தடவை கும்பினி ராஜ்யத்தையே ஆட்டிவிட்டது.

அப்போது என்ஃபீல்டு என்ற புதுத் துப்பாக்கி வந்திருந்தது. மருந்தும் குண்டும் ஒரு காகிதக் குழலுக்குள் இருக்கும். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குழாயின் உள்ளே வரிவரியாகப் பள்ளம். குண்டு சிக்காமல் இறங்கக் காகிதத்தின் மேல் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் கொழுப்புதான் சிப்பாயின் வாயில் படும்.

இந்திய வெயிலுக்குக் கொழுப்பு தாங்குமா என்று பார்க்க 1853-லேயே தோட்டாக்கள் வந்தன. சிப்பாய்களின் சாதி, மதத்துக்கு ஆகாத கொழுப்பு இல்லையென்று தெரியாமல் கொடுக்காதீர்கள் என்று கர்னல் டக்கர் என்ற அதிகாரி எழுதி வைத்தார். காகிதம் ஆபீசிலேயே கிடந்தது. பிறகு கல்கத்தா பக்கத்தில் டம்டம்மில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, காண்டிராக்டில் வந்தது மாட்டுக் கொழுப்பா, வேறெதுவா என்று யாரும் கேட்கவில்லை. நம் தோட்டங்களிலும் பெண்கள் டின்னில் என்ன மருந்தென்று தெரியாமலே புல்லுக்கு மருந்தடித்த காலம் உண்டு. பாராகுவாட்டுக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்தான்!

ஆபீசு வாய் திறக்காத சங்கதியை வெளியே விட்டவன் ஒரு கூலியாள். 1857 ஜனவரியில் டம்டம் ஆயுதச் சாலைத் தொழிலாளி ஒருவன், பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவர் லோட்டாவில் தண்ணீர் கேட்டான். தீட்டு என்று அவர் மறுத்தார். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறீர், அப்புறம் உம் சாதி எங்கே என்று அவன் கேட்டுவிட்டான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காத சாதியை நாமும் லயத்தில் பார்த்தவர்கள்தானே. அவன் கோபம் நமக்குப் புரிகிறது. பசு இந்துவுக்கு ஆகாது, பன்றி முஸ்லிமுக்கு ஆகாது. இரு கூட்டமும் ஒன்றாகக் கொதித்தது.

அரசாங்கம் பதறிப் போய், வேண்டிய எண்ணெயும் மெழுகும் பஜாரில் வாங்கி நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றது. காலம் கடந்துவிட்டது. இப்போது காகிதமே மினுமினுக்கிறது, அதிலும் கொழுப்பு இருக்கும் என்று சந்தேகம். பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்றார்கள். அதையும் யார் நம்புவது?

கொழுப்பு ஒன்றுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. 1856-ல் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். புதிதாகச் சேரும் சிப்பாய் கடல் கடந்தும் போக வேண்டும் என்று அதே வருஷம் உத்தரவு போட்டார்கள். நம் பக்கத்திலும் 1806-ல் வேலூர்க் கோட்டையில் தோல் வைத்த புதுத் தொப்பியால் கலகம் வெடித்தது. 51 வருஷம் கழித்தும் கும்பினிக்குப் புத்தி வரவில்லை.

மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினார். ஏப்ரல் 8-ல் தூக்கிலிட்டார்கள். ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களிடம் தோட்டாவை நீட்டினார்கள். 85 பேர் தொட மறுத்தார்கள். இத்தனைக்கும் அது பழைய தோட்டா, புதுக் கொழுப்புத் தடவியதல்ல. மே 9-ல் அத்தனை பேரையும் மைதானத்தில் நிறுத்தி, மற்ற சிப்பாய்கள் பார்க்கக் காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை மீரட் எழுந்தது. அதற்கு மறுநாள் டில்லி.