மண் வாசனையைக் குப்பியில் அடைக்கும் ஊர்!

கோடை முடிந்து முதல் மழை விழுகிறது. காய்ந்து கிடந்த தரையிலிருந்து கம்மென்று ஒரு வாசனை எழும்புகிறது. குழந்தைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். தூறல் இன்னும் தெருவுக்கு வரவில்லை. அதற்குள் பாட்டி, "பக்கத்தில் எங்கேயோ மழை" என்று சொல்லிவிடுகிறார்.

இந்த வாசனையைக் குப்பியில் அடைத்து விற்க முடியுமா?

முடியும்! விற்கிறார்கள்!

உத்தரப்பிரதேசத்தில் கன்னோசி என்று ஓர் ஊர். இப்போது கன்னாஜ் என்கிறார்கள். 7-ம் நூற்றாண்டில் ஹர்ஷர் ஆண்ட தலைநகரம் அது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அரசரும் போனார்; அரண்மனையும் போயிற்று. அத்தர் தொழில் இருக்கிறது. ரோஜா, மல்லிகை, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றிலும் அங்கே அத்தர் எடுக்கிறார்கள். மண்ணிலும் எடுக்கிறார்கள். அதற்கு "மிட்டி அத்தர்" என்று பெயர். மிட்டி என்றால் இந்தியில் மண்.

மண்ணை வேக வைக்கிறார்கள்!

வெயில் கொளுத்தும் மாதங்களில் களிமண்ணை வெட்டி எடுக்கிறார்கள். சிறு சிறு வில்லைகளாகத் தட்டி, சூளையில் சுடுகிறார்கள். அவற்றைப் பெரிய செம்புக் கொப்பரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆவி வெளியேறாமல் இருக்க, மூடியைச் சுற்றிக் களிமண் பூசுகிறார்கள். பிறகு அடியில் தீ மூட்டுகிறார்கள்.

கொப்பரையிலிருந்து ஒரு மூங்கில் குழாய் இறங்குகிறது. அதன் மறு முனையில், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு செம்புப் பானை. மண்ணின் வாசனையைச் சுமந்துகொண்டு ஆவி குழாய் வழியே வருகிறது. பானையில் குளிர்ந்து தண்ணீர் ஆகிறது.

அந்தப் பானை வெறும் பானை அல்ல. அதில் முன்னதாகவே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். வாசனையை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி புது மண், மறுபடி தீ. இப்படிப் பல முறை!

தீ அதிகமானால் வாசனை கெடும்; குறைந்தால் ஆவி வராது. வெப்பமானி கிடையாது. பானையைக் கையால் தொட்டுப் பார்த்தே தொழிலாளி தெரிந்துகொள்கிறார். இந்தக் கைப்பழக்கம் அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது.

மண் ஏன் மணக்கிறது? மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒரு பொருளை உண்டாக்குகின்றன. செடிகளிலிருந்து வரும் எண்ணெயும் காய்ந்த மண்ணில் ஊறுகிறது. மழைத்துளி பட்டதும் இரண்டும் காற்றில் கலக்கின்றன. 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இதை ஆராய்ந்து, இந்த வாசனைக்கு "பெட்ரிகோர்" என்று பெயர் வைத்தார்கள். உத்தரப்பிரதேசத்தார் இதைச் சந்தன எண்ணெயில் முன்பே பிடித்துவிட்டார்கள் என்பதையும் அவர்களே எழுதினார்கள்!

மாமியாருக்கு முத்துமாலை

ரோஜா அத்தருக்கும் ஒரு கதை உண்டு. இது கட்டுக்கதை அல்ல. 1605 முதல் 1627 வரை ஆண்ட மொகலாய மன்னர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியது. பேரரசி நூர்ஜஹானின் தாயார் பன்னீர் காய்ச்சினாராம். சூடான பன்னீரைத் தட்டில் ஊற்றியபோது மேலே ஆடை போல எண்ணெய் மிதந்தது. வேறு யாராவது இருந்தால் வழித்து எறிந்திருப்பார்கள்! அந்த அம்மாள் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தார். வாசனை மன்னரை மயக்கியது. மாமியாருக்கு முத்துமாலை பரிசளித்தார்.

சந்தனம் எங்கே?

இன்று கன்னோசிக்கு வந்திருக்கும் கஷ்டம் பூவால் அல்ல, மண்ணாலும் அல்ல. சந்தனத்தால்! சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாது. மற்ற வாசனைகளையும் ஓடவிடாமல் பிடித்து வைக்கும். ஆனால் ஒரு கிலோ விலை லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது.

சந்தன மரம் வளர்ந்தது மைசூர்ப் பக்கத்திலும் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் காடுகளிலும். 1792-ல் திப்பு சுல்தான் அதை அரசாங்கத்துக்குச் சொந்தமான மரம் என்று அறிவித்தார். பின்னால் வந்த அரசுகளும் அதையே தொடர்ந்தன. சொந்த நிலத்தில் முளைத்தாலும் மரம் உமக்கு இல்லை என்றால், எவர் வளர்ப்பார்? காட்டு மரத்தைத் திருடர்கள் வெட்டினார்கள். நோய் வேறு. தமிழ்நாட்டில் 2002-ல்தான் சட்டம் மாறியது. ஆனால் மரத்தில் நல்ல வைரம் பாய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகுமே!

அதனால் பல இடங்களில் பானைக்குள் சந்தன எண்ணெய்க்குப் பதில், வாசனையே இல்லாத பாரஃபின் எண்ணெயை ஊற்றுகிறார்கள். விலை குறைகிறது. பழைய ஆழம் இருப்பதில்லை. எந்திரத்தில் அடைத்த சென்ட்டும் ஸ்பிரேயும் கடைக்குக் கடை கிடைக்கின்றன. கன்னோசிச் சரக்கில் பெரும்பகுதி இப்போது மேலில் பூசப் போவதில்லை. பான் மசாலாவுக்கும் புகையிலைக்கும் போகிறது. முத்துமாலை வாங்கிய சரக்கு எச்சிலோடு தெருவில் விழுகிறது!

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "அசல் சந்தன அத்தர்" என்று ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தால், மேலே சொன்ன விலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே போல அத்தரை அள்ளித் தெளிக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு பொட்டு போதும். உடல் சூட்டில் மெல்ல மெல்ல விரியும். பழைய ஆட்கள் பஞ்சில் தொட்டுக் காதுமடலில் செருகுவார்கள். பட்டுப் புடவையில் படக்கூடாது. எண்ணெய்க் கறை போகாது. குப்பியை வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.

மண் அத்தர் காய்ச்சும் வேலை கன்னோசியில் ஆண்டு முழுவதும் நடக்காது. மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும். வானம் இருட்டினால் வில்லைகளை அவசரம் அவசரமாக உள்ளே எடுத்து வைக்கிறார்கள். நனைந்துவிட்டால், அவர்கள் விற்க வேண்டிய வாசனை இலவசமாகத் தெருவுக்குப் போய்விடும்!