திரையில் சரி, தரையில் பிழை: புல்டோசரின் தானியங்கி பிளேடில் கோளாறைக் கண்டறிவது எப்படி?

புதுதில்லி: செய்திகளில் புல்டோசர் என்ற சொல் பெரும்பாலும் கட்டட இடிப்போடு சேர்ந்தே வருகிறது. ஆனால், மண்ணைத் தள்ளி, வரைபடத்தில் குறித்த உயரத்துக்குத் தளத்தைச் சமன் செய்வதே அந்த இயந்திரத்தின் அன்றாடப் பணி. இப்பணியில் பிளேடை ஏற்றி இறக்கும் பொறுப்பைக் கணினியிடம் ஒப்படைக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டு முறை இந்தியாவிலும் இடம்பிடித்து வருகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம், தானியங்கி நுண்ணறிவு இயந்திரங்களின் துணையுடன் சாலை அமைக்கும் முறையை 63 கிலோமீட்டர் நீளமுள்ள லக்னோ - கான்பூர் விரைவுச்சாலைத் திட்டத்தில் முன்னோடியாகச் செயல்படுத்தியது. செயற்கைக்கோள் உதவியுடன் இயங்கும் மோட்டார் கிரேடர் அந்த முறையின் முக்கிய அங்கம். தானியங்கி பிளேடு பொருத்திய புல்டோசரும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

இந்தக் கருவி தவறு செய்யும்போது அந்தத் தவறு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. திரை ‘சரியான உயரம்’ என்று காட்டிக்கொண்டிருக்க, தரை இரண்டு அங்குலம் தாழ்ந்து போயிருக்கலாம்.

2 சென்டிமீட்டரின் விலை

சாலை அடுக்குகளுக்கு அடியில் அமையும் ‘சப்கிரேடு’ எனப்படும் மண் தளம், குறித்த உயரத்தைவிட 20 மில்லிமீட்டர் வரை உயரலாம். 25 மில்லிமீட்டர் வரை தாழலாம் என்கின்றன அமைச்சகத்தின் சாலைப்பணி விதிமுறைகள். மேலே செல்லச் செல்ல ஒவ்வோர் அடுக்குக்கும் இந்த வரம்பு குறுகிக்கொண்டே போகும்.

10 மீட்டர் அகலமுள்ள தளம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு 200 கன மீட்டர் பொருள் கூடுதலாகத் தேவைப்படும். தளம் உயர்ந்துவிட்டாலோ, மேலே வரும் ஜல்லி அடுக்கு மெலிந்து சாலையின் ஆயுள் குறையும். ஆகவே, கோளாறை விரைந்து கண்டறிவது பொதுப்பணத்தோடும் சாலையின் தரத்தோடும் தொடர்புடைய விஷயம்.

இயங்கும் முறை

பணித்தளத்தில் உயரம் துல்லியமாகத் தெரிந்த ஓரிடத்தில் ‘பேஸ் ஸ்டேஷன்’ எனப்படும் நிலையக் கருவி வைக்கப்படுகிறது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் உள்ள பிழையைக் கணக்கிட்டு, அதற்கான திருத்தத்தை ரேடியோ அல்லது செல்பேசி வலையமைப்பு வழியாக இந்த நிலையம் இயந்திரத்துக்கு அனுப்புகிறது. ‘ஆர்டிகே’ எனப்படும் இந்த முறையில், கிடைமட்டத்தில் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர், உயரத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் அமைத்துள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களும் இத்தகைய திருத்தங்களை வழங்குகின்றன.

இயந்திரத்தில் உள்ள ஆன்டெனாவும், பிளேடின் சாய்வை அளக்கும் சென்சார்களும் சேர்ந்து, பிளேடின் வெட்டுமுனை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிடுகின்றன. கணினி அதை வடிவமைப்புக் கோப்பில் உள்ள உயரத்துடன் ஒப்பிட்டு, ஹைட்ராலிக் வால்வுகளுக்கு ஆணையிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வெட்டுமுனையின் உயரத்தைக் கணினி நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆன்டெனாவிலிருந்து வெட்டுமுனை வரையிலான தூரங்களை நம்பிக் கணக்கிடுகிறது. அந்தத் தூரங்களில் ஒன்று மாறினாலும், கணினி தன்னளவில் சரியாகவே இயங்கிக்கொண்டு தரையைத் தவறாக வெட்டும்.

முதலில் பாதுகாப்பு

அளவெடுக்க ஒருவர் பிளேடின் அருகே செல்லும்போது தானியங்கி முறை இயக்கத்தில் இருந்தால், எந்த நொடியிலும் பிளேடு அசையக்கூடும். எனவே, தானியங்கி முறையை அணைத்து, பிளேடைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக்கையும் ஹைட்ராலிக் பூட்டையும் போட்ட பிறகே ஆய்வு தொடங்க வேண்டும். தூக்கிய பிளேடின் கீழே, உறுதியான தாங்கு கட்டை இல்லாமல் எவரும் செல்லக் கூடாது.

பிழையின் வடிவமே முதல் தடயம்

கோளாறு என்றதும் கேபிள்களைக் கழற்றுவதோ, மென்பொருளை மாற்றுவதோ பயன் தராது. வெட்டிய தளத்தில் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலாவது லெவல் கருவி கொண்டு உயரத்தை அளந்து, பிழை எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

* எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை: பேஸ் ஸ்டேஷனின் உயரம் தவறாகப் பதிவாகியிருக்கலாம், வெட்டுமுனை தேய்ந்திருக்கலாம், அல்லது சப்கிரேடுக்குப் பதிலாக வேறு அடுக்கின் கோப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம்.
* தூரம் செல்லச் செல்லக் கூடும் பிழை: பணித்தளத்தின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு செயற்கைக்கோள் அளவைப் பொருத்தியதில் தவறு இருக்கலாம்.
* பிளேடின் ஒரு முனையில் மட்டும் பிழை: சாய்வு சென்சார் அல்லது ஒருபக்கமாகத் தேய்ந்த வெட்டுமுனை.
* அலை அலையான தளம்: ஹைட்ராலிக் கோளாறு, தளர்ந்த இணைப்புகள், அதிக வேகம்.
* குறிப்பிட்ட இடத்திலோ நேரத்திலோ மட்டும் பிழை: சமிக்ஞைப் பிரச்சினை.

இயந்திரமா, நிலையமா?

அடுத்த சோதனை மிக எளியது. கையில் எடுத்துச் செல்லும் ‘ரோவர்’ கருவியை, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க் புள்ளியில் வைத்துப் பார்க்க வேண்டும். ரோவரும் அதே அளவு தவறாகக் காட்டினால் பிழை பேஸ் ஸ்டேஷனில் அல்லது தளப் பொருத்தத்தில் இருக்கிறது. ரோவர் சரியாகவும் இயந்திரம் தவறாகவும் காட்டினால், பிழை இயந்திரத்தின் அளவுகளில் இருக்கிறது. இந்த ஒரே சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பேஸ் ஸ்டேஷன் பிழைகளில் பல மிகச் சாதாரணமானவை. முக்காலி மண்ணில் இறங்கியிருக்கும். ஆன்டெனாவின் உயரம் மாற்றிப் பதிவாகியிருக்கும். முந்தைய நாள் புள்ளியின் எண் இன்றும் அப்படியே இருக்கும்.

உயரத்தின் அடிப்படையும் குழப்பம் தரக்கூடியது. செயற்கைக்கோள் அளிப்பது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். சாலை வரைபடத்தில் இருப்பது சராசரி கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இந்தியாவில் பல பத்து மீட்டர்கள். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 100 மீட்டரையும் தாண்டுகிறது. இடத்துக்கு இடம் மாறும் இந்த வேறுபாட்டைத் தளப் பொருத்தத்தின்போது சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால், நீண்ட சாலைப் பணியில் பிழை படிப்படியாகக் கூடும்.

தேய்ந்த வெட்டுமுனை

இயந்திரத்தின் அளவுகளே தவறு என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது வெட்டுமுனைத் தகட்டை. தகடு 20 மில்லிமீட்டர் தேய்ந்திருந்து, அந்த அளவு கணினியில் திருத்தப்படாமல் இருந்தால், தரை 20 மில்லிமீட்டர் உயரமாகவே நிற்கும். சப்கிரேடுக்கான வரம்பு முழுவதையும் இந்த ஒரு பிழையே தின்றுவிடும்.

சாய்வு சென்சாரைச் சோதிக்க இயந்திரத்தைத் திருப்பி நிறுத்துவதே போதும். பிளேடின் இரு முனைகளும் படும் இடங்களைத் தரையில் குறித்து, சாய்வைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு இயந்திரத்தை எதிர்த்திசையில் திருப்பி, அதே குறிகளில் பிளேடை வைக்க வேண்டும். இரு அளவுகளும் எண்ணில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருக்க வேண்டும். ஒருபக்கம் 2.0 விழுக்காடும் மறுபக்கம் 2.4 விழுக்காடும் காட்டினால், வேறுபாட்டில் பாதியான 0.2 விழுக்காடு சென்சாரின் பிழை. 4 மீட்டர் அகல பிளேடில் இது 8 மில்லிமீட்டர்.

பிளேடு துடித்தால்

தானியங்கி முறையில் பிளேடு ஓயாமல் மேலும் கீழும் துடிப்பது பரவலாகக் காணப்படும் குறை. இங்கு முதல் கேள்வி, கைமுறை இயக்கத்தில் பிளேடு எப்படி நடந்துகொள்கிறது என்பதே. தானியங்கி முறையை அணைத்த பிறகும் தூக்கிய பிளேடு தானாக இறங்கினால், சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு இருக்கிறது என்று பொருள். பிளேடைத் தாங்கும் சட்டத்தின் பின், புஷ் ஆகியவை தேய்ந்திருந்தால், சென்சார் ஓர் அசைவை உணர்வதற்கும் பிளேடு அசைவதற்கும் இடையே இடைவெளி உண்டாகும். கணினி அதைச் சரிசெய்ய முயன்று மேலும் துடிக்கும்.

இவை சரியாக இருந்தால் மட்டுமே வால்வுகளின் வினைவேகத்தை மாற்ற வேண்டும். அந்த அளவீட்டையும் ஹைட்ராலிக் எண்ணெய் வேலை வெப்பநிலைக்கு வந்த பிறகே செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த எண்ணெயில் செய்த அளவீடு, நண்பகலில் பொருந்தாது. இயந்திரத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டினாலே அலைகள் மறைந்துவிடுவதும் உண்டு.

தானியங்கி முறை அடியோடு இயங்க மறுத்தால், அதைக் கோளாறாகக் கருதும் முன் திரையில் உள்ள எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். செயற்கைக்கோள் நிலை ‘ஃபிக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஃப்ளோட்’ என்று இறங்கியிருந்தாலோ, இயந்திரம் வடிவமைப்பின் எல்லைக்கு வெளியே நின்றாலோ, கணினி வேண்டுமென்றே மறுக்கும். எச்சரிக்கை வந்து வந்து மறைந்தால், ஓயாமல் வளைந்து நிமிரும் பிளேடு கேபிளையும் அதன் இணைப்பு முனைகளையும் பார்க்க வேண்டும்.

மாலை நேரச் சிக்கல்

இந்தியாவுக்கே உரிய சவால் ஒன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இதனால் இந்தியாவின் பெரும்பகுதிக்கு மேலே உள்ள அயனி மண்டலம், சூரியன் மறைந்த பிறகு அடிக்கடி கொந்தளிக்கிறது. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய நாட்களில் இது மிகும். அப்போது செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கி, ‘ஃபிக்ஸ்’ நிலை கைவிட்டுப் போகும்.

பகலில் சரியாக இருந்த இயந்திரம் இரவு எட்டு மணிக்கு மட்டும் தடுமாறினால், கருவியைக் கழற்றுவதற்கு முன் இந்தக் காரணத்தைக் கருத வேண்டும். அந்த நேரத்தில் நுண்ணிய வேலையை நிறுத்திவைப்பது அல்லது லேசர், டோட்டல் ஸ்டேஷன் கருவிகளுக்கு மாறுவதே தீர்வு. மரக்கிளைகள், உயர்ந்த மண் சுவர்கள், அருகில் நிற்கும் டிப்பர் லாரிகள் ஆகியவையும் சமிக்ஞையை மறைக்கலாம் அல்லது எதிரொலிக்கச் செய்யலாம்.

எண்ணைக் கூட்டுவது தீர்வல்ல

வேலை அவசரத்தில் எளிதாகச் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. தரை 3 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், திரையில் 3 சென்டிமீட்டரைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வதே அது. அந்த இடத்தில் உயரம் சரியாகிவிடும். ஆனால் காரணம் அப்படியே இருக்கும். தேய்ந்த தகடு மாற்றப்படும் நாளில் அல்லது பேஸ் ஸ்டேஷன் இடம் மாறும் நாளில், மறைத்த பிழை எதிர்த்திசையில் திரும்பி வரும்.

ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வெட்டுமுனையைப் பெஞ்ச் மார்க்கில் வைத்துச் சரிபார்த்து, கிடைத்த எண்ணையும் செய்த மாற்றத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பது சில நிமிட வேலை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் பின் மீண்டும் ஓர் அளவு என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால், எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்பது அடுத்த ஷிப்டில் வரும் ஆபரேட்டருக்கும் தெளிவாகத் தெரியும்.